ஏட்டில் சாத்திய கயிறு

மாலையை மனிதருக்குப் போடுகிறோம், சாமிக்குச் சாத்துகிறோம். பட்டும் சந்தனக்காப்பும் அப்படித்தான். இந்தப் பொருளில் 'சாத்துதல்' என்பது இறைவன் திருமேனிக்கென்று தமிழ் வழக்கு ஒதுக்கிவைத்த வினை. சைவ மரபு அதை ஒரு சாதாரணக் கயிற்றுக்கும் தந்திருக்கிறது. திருமுறையில் கயிறு சாத்திப் பார்த்தல் என்பது அந்த வழக்கத்தின் பெயர். வாழ்க்கையில் திகைத்து நிற்கும் ஒருவர், குருவை அண்டித் தம் குறையைச் சொல்வார். குரு தேவாரச் சுவடிக்குப் பூசை செய்து, அடுக்கிய ஏடுகளுக்கு இடையே கயிற்றைச் செலுத்துவார். கயிறு விழுந்த இடத்தில் சுவடியைப் பிரிப்பார்கள். அங்கே எந்தப் பதிகம் வருகிறதோ அதுவே விடை. சோதிடம், குறி, பல்லி விழும் பலன் ஆகியவற்றோடு சேர்த்து இதையும் எதிர்காலம் அறியும் முறைகளில் ஒன்றாகவே பலர் எண்ணுகிறார்கள். பழைய சான்றுகளை நிதானமாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. கயிறு சாத்தியவர்கள் தேடியது நடக்கப்போவதைப் பற்றிய செய்தியை அன்று. தாங்கள் செய்ய வேண்டிய செயலை. நூலிடம் ஒரு கடமையைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் முறையாகவே இது பிறந்தது என்பது என் கருத்து.

இதற்கு முன்மாதிரியாகச் சைவர்கள் காட்டுவது பெரியபுராணத்தில் வரும் ஒரு காட்சி. இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில், சேக்கிழார் பாடிய நூல் அது. மதுரையில் பாண்டியன் அவையில் சம்பந்தருக்கும் சமணருக்கும் அனல்வாதம் நடக்கிறது. இரு தரப்பாரும் தத்தம் ஏட்டைத் தீயில் இட வேண்டும்; வேகாத ஏடு வென்றது. சம்பந்தர் தம் பதிகங்கள் அடங்கிய சுவடியை வணங்கிக் கட்டவிழ்க்க, திருநள்ளாற்றுப் பதிகம் எதிர்ப்பட்டது. அந்த ஏடு தீயில் வாடாமல் பசுமையோடு மீண்டதால் அதற்குப் பச்சைப் பதிகம் என்ற பெயர் நிலைத்தது. இங்கே நாம் பார்க்க வேண்டியது நிகழ்வின் வரிசை. வாதுக்குப் போவதா வேண்டாமா என்று சம்பந்தர் ஏட்டைக் கேட்கவில்லை. மதுரைக்கு வந்தாயிற்று, அறைகூவலை ஏற்றாயிற்று, தீயும் வளர்ந்தாயிற்று. துணிவு முழுவதும் மனிதருடையதாக முடிந்த பிறகு, எந்த ஏட்டைக் கையில் எடுப்பது என்பது மட்டுமே சுவடிக்கு விடப்பட்டது. இன்று நள்ளாறு என்றவுடன் சனிப்பெயர்ச்சிதான் பலருக்கு நினைவு வருகிறது. ஆனால் பெரியபுராணத்தில் அந்த ஊரின் பதிகம் வருவது, அஞ்சாமல் எடுத்துவிட்ட ஒரு முடிவின் நடுவில்.

வழக்கத்தின் முழு வடிவத்தையும் காட்டுவது மெய்கண்டார் பிறப்பு வரலாறு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது அது. திருப்பெண்ணாகடத்தில் அச்சுத களப்பாளர் என்ற செல்வர் பிள்ளையில்லாமல் வருந்தினார். திருத்துறையூரில் இருந்த தம் குலகுரு சகலாகம பண்டிதரிடம் போய்த் துயரைச் சொன்னார். பண்டிதர் திருமுறையைப் பூசித்துக் கயிறு சாத்தினார். வந்தது சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம், இன்று இரண்டாம் திருமுறையில் இருப்பது. வெண்காட்டின் மூன்று குளங்களில் நீராடுவோருக்கு மகப்பேறும் எண்ணிய வரமும் வாய்க்கும், ஐயமே வேண்டாம் என்ற பொருளில் ஒரு பாட்டு அதில் வருகிறது. களப்பாளர் மனைவியோடு திருவெண்காட்டுக்குப் போனார். சூரிய, சந்திர, அக்கினி தீர்த்தங்களில் நாள்தோறும் மூழ்கி வெண்காட்டு நாதரை வழிபட்டுக்கொண்டே அங்கே தங்கினார். ஒருநாள் கனவில் இறைவன் தோன்றி, இந்தப் பிறவியில் உனக்குப் பிள்ளைப்பேறு இல்லை என்றார். களப்பாளர் கலங்கவில்லை. சம்பந்தப் பிள்ளையார் வாக்கை நம்பி வந்தேன், விதியை நம்பி வரவில்லை. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் என் வழிபாடு நிற்காது என்ற கருத்தில் மறுமொழி சொன்னார். அதன் பிறகே வரம் கிடைத்தது. பிறந்த பிள்ளைக்கு வெண்காட்டின் வடமொழிப் பெயரால் சுவேதவனப் பெருமாள் என்று பெயரிட்டார்கள். பின்னாளில் 12 சூத்திரங்களில் சிவஞானபோதம் தந்தவர் அந்தப் பிள்ளை.

இந்தக் கதையில் கயிறு எதைச் சொன்னது? உனக்குப் பிள்ளை பிறக்கும், இன்ன ஆண்டில் பிறக்கும் என்று சொல்லவில்லை. ஓர் ஊரைக் காட்டியது. அந்த ஊரில் செய்ய வேண்டிய ஒரு நியமத்தைக் காட்டியது. பெண்ணாகடத்து மாளிகையில் உட்கார்ந்து புலம்பியவரை எழுப்பி, வேறொரு தலத்தில் காலையில் குளத்தில் இறங்க வைத்தது. கனவுக் காட்சியோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே எதிர்காலம் திட்டவட்டமாகவே சொல்லப்படுகிறது: பிள்ளை இல்லை. குறி கேட்கப் போனவராக இருந்தால் அத்துடன் மூட்டையைக் கட்டியிருப்பார். களப்பாளர் அந்தச் செய்தியைக் கேட்ட பின்னும், ஏடு கொடுத்த வேலையை விடவில்லை. பலன் தெரிந்தும் தெரியாமலும் நியமத்தில் நிற்பதையே கதை போற்றுகிறது. மரபு இந்த வழக்கத்துக்கு எடுத்துக்காட்டாகத் தேர்ந்தெடுத்த கதையிலேயே ஆரூடத்துக்கு எதிரான வாதம் அமைந்திருக்கிறது.

இது புராணம்தானே, மெய்கண்டார் புகழ் பெற்ற பிறகு அவர் பிறப்புக்குச் சேர்த்த அலங்காரம்தானே என்று கேட்கலாம். கேட்பது சரி. அந்தக் கனவை எந்தக் கல்வெட்டும் உறுதிப்படுத்தாது. ஆனால் நான் இதைச் சான்றாகக் கொள்வது, நிகழ்ந்ததா என்ற கேள்விக்கு அன்று. ஒரு சமூகம் தன் வழக்கத்தை எப்படிப் புரிந்துகொண்டது என்பதற்கு அது சொல்லிக்கொண்ட கதையை விடச் சிறந்த சான்று ஏது? கயிறு போட்டதும் நல்ல பலன் வந்தது, பிள்ளை பிறந்தது என்று இரண்டு வரியில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. குருவைத் தேடிப் போனதையும் ஊர் விட்டு ஊர் போனதையும் நாள்தோறும் நீராடியதையும் கனவில் வந்த மறுப்பையும் அதற்குச் சொன்ன மறுமொழியையும் வைத்தார்கள். அலங்காரம் என்றே வைத்துக்கொண்டாலும், எதை அழகு என்று கருதினார்கள் என்பது அதில் தெரிகிறது.

அடுத்த கேள்வி இதைவிடக் கடுமையானது. எந்த ஏடு வந்தாலும் கேட்டவர் தம் மனத்துக்கு ஏற்றபடி பொருள் சொல்லிக்கொள்வாரே, அப்படியானால் ஏடு எதற்கு? மற்ற மரபுகளோடு வைத்துப் பார்த்தால் இதற்கு விடை தெளிவாகும். துளசிதாசர் இயற்றிய ராமாஞா பிரச்னம் இந்தத் தேவைக்கென்றே கட்டிய நூல். 7 சர்க்கம், சர்க்கத்துக்கு 7 தொகுதி, தொகுதிக்கு 7 தோகா, ஆக 343 தோகாக்கள். இராமகதையின் ஒவ்வொரு கட்டமும் அங்கே நல்ல சகுனமாகவோ தீய சகுனமாகவோ சொல்லப்படுகிறது. கேட்டவர் ஆம், இல்லை என்ற விடையோடு எழுந்து போகலாம். சீக்கியர்கள் 1,430 பக்கங்கள் கொண்ட குரு கிரந்த சாகிபை வழிபட்டு, தானாகத் திறந்த இடத்தில் வரும் வாக்கை அன்றைய கட்டளையாக ஏற்கிறார்கள். பிள்ளைக்குப் பெயர் வைக்கவும் அந்த வாக்கின் முதல் எழுத்தைக் கொள்கிறார்கள். தேவாரம் இரண்டாவது வகைக்கே நெருக்கமானது. எண்ணூறுக்குச் சற்றுக் குறைந்த பதிகங்கள் அதில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட மாட்டை விற்கலாமா, வழக்குப் போடலாமா என்பதற்கு விடையாக எழுதப்பட்டதில்லை. பெரும்பாலானவை ஏதோ ஓர் ஊரைப் பாடுகின்றன. ஆகவே எந்த ஏடு வந்தாலும் முதலில் கிடைப்பது ஒரு தலத்தின் பெயர்.

அது மட்டும் இல்லை. சம்பந்தர் பதிகங்களுக்குள் ஓர் எலும்புக்கூடு உண்டு. ஓதுவார்கள் எல்லாரும் அறிந்தது. பெரும்பாலான பதிகங்களில் எட்டாம் பாட்டு இராவணனைப் பற்றியது: கயிலையைப் பெயர்க்க முயன்று, கால்விரலின் கீழ் நசுங்கி, பிறகு பாடி அருள் பெற்றவன். ஒன்பதாம் பாட்டு, அடியும் முடியும் தேடிக் காணாத திருமாலையும் அயனையும் பற்றியது. பதினொன்றாம் பாட்டு திருக்கடைக்காப்பு: பாடியவர் பெயரும் ஊரும் ஓதுவார் பெறும் பயனும். அப்பரும் தம் பதிகங்கள் பலவற்றை இராவணனைச் சொல்லித்தான் முடிக்கிறார். கயிறு எங்கே விழும் என்பது தற்செயல்தான். விழுந்த இடத்தில் என்ன இருக்கும் என்பது அவ்வளவு தற்செயல் அன்று. தன் பலத்தை நம்பி மலையைத் தூக்கியவனும், அறிவால் எட்டிவிடலாம் என்று தேடியவர்களும், எந்தக் குறையோடு வந்தவருக்கும் எதிரில் வந்து நிற்பார்கள். பங்காளியோடு சண்டை போட்டுவிட்டு வந்தவர் இராவணனைத் தாண்டாமல் கடைக்காப்புக்குப் போக முடியாது. பதிகத்தை முழுவதும் ஓதினால்தான் விடை என்று வைத்ததில் இருக்கும் நுட்பத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பத்தாம் பாட்டை நான் விட்டுவிட்டேன். அதை மறைப்பது நேர்மையாகாது. பெரும்பாலான சம்பந்தர் பதிகங்களில் பத்தாம் பாட்டு சமணரையும் பௌத்தரையும் கடிந்து பேசுவது. 7ஆம் நூற்றாண்டின் சமயப் போர்க்களத்தில் எழுந்த சொற்கள் அவை. வாழ்க்கைக்கு வழி கேட்டு வந்தவர் கையில் அந்தப் பாட்டை மட்டும் கொடுத்து இதுதான் உனக்கான கட்டளை என்றால், பக்கத்து வீட்டுக்காரர் மேல் வெறுப்பைத் தவிர வேறெதையும் அவர் எடுத்துப் போகமாட்டார். நூலைத் திறந்தால் போதும், அதுவே வழிகாட்டும் என்று சொல்பவர்களுக்கு இந்தப் பாட்டுகளே மறுப்பு. களப்பாளர் வீட்டில் ஏடு இல்லாமலா இருந்திருக்கும்? செல்வர் அவர். இருந்தாலும் திருத்துறையூருக்கு நடந்தார். கேட்பவர் ஒருவர், கயிறு சாத்திப் பொருள் சொல்பவர் இன்னொருவர் என்று பிரித்து வைத்ததுதான் இந்த வழக்கத்தின் காவல். தம் ஆசையைத் தாமே ஏட்டில் படித்துக்கொள்ளாதபடி இரண்டாவது ஆள் ஒருவர் நடுவில் நிற்கிறார்.

மனிதத் தேர்வும் தற்செயலும் இப்படிக் கலந்து நிற்பது அன்றைய தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. 30 குடும்புகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். ஆனால் எல்லார் பெயரும் குடத்துக்குள் போய்விடாது. கால் வேலி இறை நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, கல்வி என்று பல சல்லடைகள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் தகுதி இழந்தார்கள். சலித்து எடுத்த பிறகே சிறுவன் குடத்தில் கை விட்டான். ஏட்டுக் கயிற்றின் இயல்பும் அதுதான்: முன்னால் ஒரு வழிபாடும் குருவும் தேர்ந்தெடுத்த நூலும், பின்னால் நாள்கணக்கில் உழைப்பு, நடுவில் ஒரு கணம் மட்டும் மனிதக் கை விலகி நிற்கிறது.

விதி, கிரகம் என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொள்ளும் மனநிலைக்குத் தேவாரமே துணை போகிறது என்ற குற்றச்சாட்டும் உண்டு. அதற்குக் கோளறு பதிகம் பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும். மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் மதுரையிலிருந்து ஆள் அனுப்பி அழைக்கிறார்கள். சம்பந்தரும் அப்பரும் திருமறைக்காட்டில் இருக்கிறார்கள். மூத்தவர் அப்பர் தடுக்கிறார்: சமணர் செய்யும் கொடுமையைப் பட்டறிந்தவர் அவர், நாளும் கோளும்கூட நன்றாக இல்லை என்கிறார். அன்பினால் வந்த அறிவுரை. அதில் தவறு காண முடியாது. சம்பந்தர் கோள்களின் பெயரைச் சொல்லியே, அடியாருக்கு அவை யாவும் நல்லவை என்று பாடிவிட்டுக் கிளம்பினார். சைவ இலக்கியத்தில் நாள் பார்த்து எடுத்த முடிவுக்கு எதிரில் பக்தியால் எடுத்த முடிவு இவ்வளவு வெளிப்படையாக நிற்கும் இடம் வேறு எனக்குத் தெரியவில்லை. பக்தி அங்கே பயணத்தைத் தொடங்கி வைக்கிறது. அந்தப் பதிகத்தையே இன்று சனி, இராகு அச்சத்துக்கு மருந்தாக மட்டும் எண்ணிப் பயணத்தைத் தள்ளிப்போடும் வீடுகள் இருப்பது மனத்தைச் சங்கடப்படுத்துகிறது.

சுவடி யாரிடம் இருந்தது என்பதையும் பேச வேண்டும். தேவார ஏடுகள் தில்லையில் பூட்டிய அறையில் கறையான் அரித்துக் கிடந்ததையும், சோழ மன்னன் துணையோடு நம்பியாண்டார் நம்பி அவற்றை மீட்டதையும் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரையும் உடுக்கை, மத்தளம் வாசிக்க இருவரையும் அமர்த்தி, ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் அளந்ததைக் கல்வெட்டே காட்டுகிறது. கோயில்களில் திருமுறைக்கென்று திருக்கைக்கோட்டி என்ற இடங்கள் இருந்தன. பின்னர் ஆதீன மடங்கள் சுவடிகளைக் காத்தன. ஆக, பாட்டு எல்லார் காதிலும் விழுந்தது. ஏடு சிலர் கையில் இருந்தது. கயிறு சாத்தும் வாய்ப்பு உழவருக்கும் கூலிக்காரருக்கும் எளிதாகக் கிடைத்திருக்காது. குருவின் காவல் என்று மேலே நான் பாராட்டியது, வாசல் தாண்ட முடியாதவருக்கு வெறும் பூட்டாகத்தான் இருந்திருக்கும்.

அந்த வாசலுக்கு வெளியே மக்கள் பூவைக் கொண்டு கேட்டார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன் வைத்து, சிறு பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது இன்றும் நடக்கிறது. பூக்கட்டிப் பார்த்தல், பூக்கேட்டல், உத்தரவு வாங்குதல் என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். காங்கேயத்துக்கு அருகே சிவன்மலைக் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்றே ஒன்று இருக்கிறது: கனவில் ஒரு பொருளைக் கண்ட பக்தர் வந்து சொன்னால், பூக்கேட்டு, சம்மதம் கிடைத்த பின்னரே அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். கனவு கண்டவர் வாக்கை மட்டும் கொண்டு எதுவும் பெட்டிக்குள் போகாது. இங்கும் சொந்த ஆசைக்கும் அறிவிப்புக்கும் நடுவில் ஒரு தடை வைத்திருக்கிறார்கள். ஆனால் பூ ஆம், இல்லை என்பதோடு நின்றுவிடும். ஏடு அப்படி நிற்காது. பாடவும் போகவும் குளிக்கவும் சொல்லும்.

19ஆம் நூற்றாண்டில் தேவாரம் அச்சேறியது. பூட்டு உடைந்தது. யார் வேண்டுமானாலும் வாங்கலாம், படிக்கலாம். இதைவிட நல்லது அந்தப் பாட்டுகளுக்கு நேர்ந்திருக்க முடியாது. கூடவே வேறொன்றும் வந்தது. திருமணம் கூட மருகல் பதிகம், பணக்கஷ்டம் தீர ஆவடுதுறைப் பதிகம், சுரம் தணியத் திருநீற்றுப் பதிகம் என்று பயன்வாரியாகப் பிரித்த சிறு நூல்கள் கோயில் வாசல்தோறும் விற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் உண்மையான கதைக் காரணம் உண்டு: மருகலில் பாம்பு தீண்டி இறந்த வணிகனுக்காக அழுத பெண்ணுக்கு இரங்கிச் சம்பந்தர் பாடினார், ஆவடுதுறையில் தந்தையின் வேள்விக்குப் பொன் வேண்டிப் பாடினார். திரட்டுவதும் பழைய வழக்கமே. அகத்தியர் தேவாரத் திரட்டு 25 பதிகங்களை எடுத்துத் தொகுத்தது. ஆனால் குருவருள், அஞ்செழுத்து, கோயில், தொண்டு என்பவை போன்றவையே அதன் தலைப்புகள். கடன், கல்யாணம் என்று அதில் தலைப்பு இல்லை. துன்பத்தில் இருப்பவர் அந்தச் சிறு நூலை வாங்கி ஓதுவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஓதும் நேரத்தில் அவருக்குக் கிடைக்கும் ஆறுதல் உண்மையானது. என் வருத்தம் வேறு. தம் குறை இன்னது, அதற்கு மருந்து இன்னது என்று இரண்டையும் கேட்பவரே தீர்மானித்துவிட்ட பிறகு, ஏட்டுக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. எதிர்பாராத ஓர் ஊரின் பெயரைக் காட்டி அவரை எழுப்பி நடக்கவிட அங்கே கயிறும் இல்லை, குருவும் இல்லை.

பெண்ணாகடத்தாருக்குக் கயிறு சாத்திய சகலாகம பண்டிதரின் கதை திருவெண்காட்டோடு முடியவில்லை. அந்தப் பிள்ளை திருவெண்ணெய்நல்லூரில் மாமன் வீட்டில் வளர்ந்து, பரஞ்சோதி முனிவரிடம் உபதேசம் பெற்று, சிறு வயதிலேயே மாணவருக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தான். சின்னப் பையன் பெரியவர்களுக்குக் கற்பிக்கிறானாம் என்று கேள்விப்பட்ட பண்டிதர், அவனைச் சோதிக்க வந்தார். ஆணவ மலத்தின் வடிவம் எப்படி இருக்கும் என்று கேட்டார். மெய்கண்டார் பதில் பேசாமல், நின்றுகொண்டிருந்த அவரையே விரலால் சுட்டினார். பண்டிதர் அந்த இடத்திலேயே காலில் விழுந்தார். அருணந்தி என்ற பெயரும் சிவஞானசித்தியார் என்ற நூலும் அதற்குப் பிறகு வந்தவை.